அலவாங்கு இறங்கிய இடம்

வெரோனா, இத்தாலி
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேனுஷா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் இருமல் எப்படி? கடைக்கார இத்ரூஸ் நாநாவிடம் நான் வாங்கித்தரச் சொன்ன மாத்திரையைப் போடுகிறீர்களா, இல்லை, டப்பாவில் சேர்த்து வைக்கிறீர்களா? சேர்த்து வைத்தால் குட்டி போடாது, அப்பா.

ஒரு புதினம், நல்ல செய்திதான். நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா, சிஞ்ஞோரா ப்ரூனா இருக்கிறாரே, அவருடைய பென்ஷன்காரர் சங்கம் அடுத்த மாதம் பஸ்ஸில் தெற்குப் பக்கம் சுற்றுலா போகிறது. அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ள நானும் போகிறேன். நாற்பது கிழடுகள், நடுவில் நான் ஒருத்தி. மூன்றாம் நாள் காலையில் பொம்பெய் என்று ஒரு பழைய ஊர். மத்தியானம் கப்பலில் அமல்பி என்று ஒரு கடற்கரை. பழைய ஊரில் கோயில், மண்டபம் எல்லாம் இருக்குமாம். எனக்குக் கடல்தான் வேண்டும். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷமாகிறது, இன்னும் கடலில் கால் நனைக்கவில்லை.

அப்பா, நீங்கள் அரசாங்கம் கட்டிக்கொடுத்த புது வீட்டில்தானே இருக்கிறீர்கள்? போன தடவை வந்த கடிதத்தின் ஓரத்தில் செம்மண் அப்பியிருந்தது. வீட்டுத் திட்டத்தில் இருப்பது கறுப்பு மண், செம்மண் மேலே நம்ம பழைய இடத்தில்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு தடவையாவது நாநாவின் கடைக்கு வந்து போனில் பேசக்கூடாதா? உங்கள் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் வாயாடி மகள்,
மேனுஷா


கொஸ்லந்த
18 மே 2025

அன்பு மகள் மேனுஷாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். இருமலும் நன்றாக இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனசில்லை. மாத்திரை போடுகிறேன். நம்பு.

நீ சுற்றுலா போகும் செய்தியை நாநா கடையில் உரக்கப் படித்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அலைந்த சின்னராசாவின் மகள் வெள்ளைக்காரர்களோடு பஸ்ஸில் ஊர் பார்க்கப் போகிறாள் என்றதும் நாநா எனக்கு ஓசியில் பிளேன்டீ கொடுத்தார். அது உலக அதிசயம், அதை முதலில் எழுதிக்கொள். கடலைப் பற்றி ஒன்று விடாமல் எழுது. நானும் உன் அம்மாவும் ஒரு தடவை கதிர்காமத்துக்குப் போனபோது, பக்கத்தில்தான் கடல் என்றார்கள். பஸ் நிற்கவில்லை. உன் அம்மா அதற்காக டிரைவரை ஊர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

போனைப் பற்றிக் கேட்காதே, கண்ணு. உனக்குத் தெரியாதது இல்லை. மேல் டிவிஷனில் நம்ம லயத்து வீடுகள் மேல் மலை சரிந்த அன்று நான் பதுளையில் நின்று உன் அம்மாவின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாமானைக் காதில் வைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. எழுதுகிறேனே, போதாதா?

உன் மாமன்மார் மறுபடி வந்தார்கள். "பதினோரு வருஷமாச்சு மச்சான், நல்லம்மாவுக்குக் கருமாதி செஞ்சிருவோம், பொண்ணுக்கும் ஒரு நல்லது பாக்கணும்" என்றார்கள். உடம்பே கிடைக்காமல் யாருக்குக் கருமாதி? டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

புது வீட்டில் கொய்யா காய்த்திருக்கிறது. தோட்ட வேலைக்குத் தடித்த கையுறை இரண்டு சோடி அனுப்ப முடியுமா?

உன் நலத்துக்கு முருகனை வேண்டும்,
அப்பா


வெரோனா
8 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன், கால் மட்டும் வீங்கியிருக்கிறது. உங்கள் கால் எப்படி? நாநா சொன்னார், அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா? கொய்யா மரத்தில் அட்டை இருக்காது என்று எனக்குத் தெரியும், அப்பா. கையுறை தனியாக வருகிறது.

கடலைப் பற்றி ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். கேளுங்கள்.

சலேர்னோ என்ற ஊரில் கப்பல் ஏறினோம். கப்பல் என்றால் பெரிதில்லை, நம்ம பதுளை பஸ் இரண்டை ஒட்டி வைத்த அளவு. சிஞ்ஞோராவை நாற்காலியோடு இரண்டு ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். அவருக்கு அதில் ஒரே பெருமை, ராணி மாதிரி கையை ஆட்டினார். கப்பல் கிளம்பியதும் கிழடுகள் எல்லாம் பாட ஆரம்பித்தார்கள். ஒருவர் என்னையும் பாடச் சொன்னார். நான் மாரியம்மன் தாலாட்டில் நாலு வரி பாடினேன். கை தட்டினார்கள். அம்மன் கோபித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் நீலம் இல்லை, அப்பா. பக்கத்தில் பச்சை, தூரத்தில் மை. முகத்தில் தெறித்ததை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உங்களுக்காக ஒரு தடவை, அம்மாவுக்காக ஒரு தடவை.

அமல்பியில் இறங்கினால் ஊரே மலையில் தொங்குகிறது. வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் எலுமிச்சைத் தோட்டம், அதற்கு மேல் மொட்டைப் பாறை. எலுமிச்சம்பழம் என்றால் ஒவ்வொன்றும் நம்ம ஊர் மாங்காய் அளவு. எல்லோரும் கடலைப் பார்த்து நின்று படம் எடுத்தார்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தேன். பாறை மேல் கம்பி வலை போர்த்தியிருக்கிறார்கள். கல் விழாமல் இருக்கவாம். இவர்களுக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் சாப்பிடும்போது வெளிவாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். சிஞ்ஞோரா "ஏன் உள்ள வரமாட்டேங்கிற?" என்று கேட்டார். காற்று வாங்க என்றேன்.

பெரிய தேவாலயம் ஒன்று, ஏறி முடியாத படிக்கட்டு. நானும் சிஞ்ஞோராவும் கீழேயே உட்கார்ந்து எலுமிச்சை ஐஸ் தின்றோம்.

காலையில் அந்தப் பழைய ஊருக்கும் போனோம். கல்லும் தூணும்தான். சரியான வெயில்.

மழை தொடங்கினால் மேல் டிவிஷன் பக்கம் போகாதீர்கள். கேட்டீர்களா?

உங்கள் உப்பு நக்கிய மகள்,
மேனுஷா


கொஸ்லந்த
30 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கையுறை வந்தது. அளவு சரி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்காக ஒரு தடவை நக்கினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் எழுந்து கடைக்கு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். நாநா மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. கப்பலுக்கு ஒரு பக்கம் எழுதினாய். எலுமிச்சம்பழத்துக்குக்கூட இடம் கொடுத்தாய். பழைய ஊருக்கு இரண்டு வரிதானா? சின்ன வயதிலிருந்தே உனக்கு எது நோகிறதோ அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு எழுந்து போகிற பழக்கம். எனக்குத் தெரியாதா?

நாநாவின் மகள் நிப்லாவிடம் அந்த ஊரின் பெயரைச் சொன்னேன். போனில் தட்டி எனக்குப் படங்களைக் காட்டினாள். மலை வெடித்து ஊரே மூடிப்போனதாமே! ஆட்களைக் கண்டெடுத்திருக்கிறார்களாமே! படத்தில் ஒருத்தி குப்புறப் படுத்திருக்கிறாள், சேலை மடிப்புகூடத் தெரிகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நிப்லாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ நேரில் பார்த்தவள். அதை எனக்கு விளக்கமாக எழுது.

எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அப்பா


வெரோனா
20 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம் என்று எழுதுகிறேன், எழுதுவதற்காக. உங்கள் சுகத்தை நினைத்துத்தான் கவலை. போன ஞாயிறு நாநாவோடு பேசினேன். நிலத்தில் குத்தித் துளை போடுகிற புது அலவாங்கு ஒன்றை நீங்கள் வாங்கினீர்களாம். கொய்யா மரத்துக்கு எதற்கு அப்பா அலவாங்கு?

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எழுதினால் உங்களுக்கு மனசு ஆறும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

பொம்பெய்க்குப் போகும் வரை எனக்கு அந்த ஊரின் கதை தெரியாது. வாசலில் எல்லோர் காதிலும் ஒரு கருவி மாட்டினார்கள், வழிகாட்டி தூரத்தில் நின்று பேசினாலும் கேட்கும். தெரு இருக்கிறது, வண்டிச் சக்கரத்தின் தடம் இருக்கிறது, பேக்கரிக்காரர் பாண் சுட்ட அடுப்பு இருக்கிறது. நாற்காலி கல்லில் தட்டித் தட்டிப் போனது. பிறகு ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றோம். உள்ளே ஆட்கள்.

முதலில் சிலை என்று நினைத்தேன். வழிகாட்டி சொன்ன பிறகுதான் என்னவென்று தெரிந்தது. மலையிலிருந்து சாம்பல் கொட்டி இவர்களை மூடிவிட்டதாம். சாம்பல் இறுகிவிட்டதாம். உள்ளே உடம்பு கரைந்து போன பிறகும் அந்த ஆள் கிடந்த கிடை அப்படியே வெற்றிடமாக இருந்ததாம். தோண்டுகிறவர்கள் அந்த வெற்றிடத்தைக் கண்டதும், ஒரு துளை போட்டு, சாந்து கரைத்து ஊற்றி, காய்ந்த பிறகு மண்ணை உடைத்தார்களாம். ஆள் உருவம் வந்ததாம்.

ஆக, அது உடம்பு இல்லை. அவர்களுக்கே உடம்பு கிடைக்கவில்லை. அரசாங்கம், படித்தவர்கள், பணம் எல்லாம் இருந்தும் கிடைத்தது அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், அம்மாவை மண் எடுத்துக்கொண்டது. விட்டுவிடுங்கள். மாமா சொல்கிறபடி செய்வோம்.

உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் புது வீட்டிலிருந்து எழுதுங்கள்.

மேனுஷா


மேல் டிவிஷன்
11 ஓகஸ்ட் 2025

என் தங்க மகளுக்கு,

மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தாயா? இனி உன்னிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷமாக நான் இங்கேதான் இருக்கிறேன். சரிவில் போகாமல் தப்பிய லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் கூரை நன்றாக இருக்கிறது. பகலில் மம்பட்டியால் மண்ணை வெட்டி உன் அம்மாவைத் தேடுவேன். எங்கே வெட்டுவதென்று தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து ஆள் வெட்டினாலும் முடியாத மண். போன மாதம் எனக்கே அலுத்துப்போய், கீழே இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. மகளே, நீ எனக்கு வழி சொல்லிவிட்டாய்!

வெட்டத் தேவையில்லை. தட்டிப் பார்த்தால் போதும். உடம்பு கரைந்தாலும் இடம் இருக்கும் என்று நீதானே எழுதினாய். அதனால் மம்பட்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, கல் பெயர்க்க வாங்கி வைத்திருந்த அலவாங்கை எடுத்தேன். நம்ம காம்பரா இருந்த இடம் எனக்குத் தெரியும், மேலே நின்ற சவுக்கு மரத்தின் வேரை வைத்து அளந்துகொண்டேன். அங்கிருந்து கீழே வரிசையாகத் துளை போட்டுக்கொண்டு வருகிறேன். செடி நடக் குழி போடுவது போலத்தான், எனக்குப் பழகின வேலை. போன வெள்ளிக்கிழமை ஓரிடத்தில் அலவாங்கு கையை விட்டு நழுவி முழங்கை ஆழம் தானாக இறங்கியது. உள்ளே வெறும் இடம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்னும் ஓரிடத்திலும் அப்படி இறங்கியது.

அவர்கள் ஊற்றுகிற சாந்து எது? வெள்ளைச் சிமெந்தா, சுண்ணாம்பா? எவ்வளவு தண்ணீர்? அந்த வழிகாட்டியிடம் கேட்டு எழுது. தாமதிக்காதே, ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

இருமல்கூடக் குறைந்துவிட்டது.

உன் அப்பா


வெரோனா
31 ஓகஸ்ட் 2025

அப்பா,

உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா? சுகம் விசாரிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

நான் உங்களை நிறுத்த எழுதினேன். அதை வைத்தே நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அது சாம்பல், அப்பா, சாம்பல்! சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போன சாம்பல். நம்ம மலை களிமண். மழை பெய்தால் குழைகிறது, வெயில் அடித்தால் வெடிக்கிறது. அதில் எந்த இடமும் நிற்காது. உங்கள் அலவாங்கு இறங்கியது எலி வளையில், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் அரித்த ஓட்டையில். தண்ணீர் அரிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் மலையில் பிறந்தவர், நான் சொல்லித்தர வேண்டுமா?

ஒவ்வொரு துளை வழியாகவும் மழைத் தண்ணீர் உள்ளே போகும். மலைக்கு நீங்களே வாய் திறந்து விடுகிறீர்கள். அங்கே சிவப்புப் பலகை நட்டிருக்கிறார்கள், யாரும் குடியிருக்கக் கூடாது என்று. அதற்குக் கீழே படுத்துத் தூங்குகிறீர்கள்.

கிராம சேவகரை அனுப்பச் சொல்லி நாநாவிடம் கேட்டேன். அந்த அதிகாரியும் மேலே வந்தார். நீங்கள் டீ ஊற்றிக் கொடுத்து, அவருடைய மகனின் கலியாணத்தைப் பற்றி விசாரித்து, சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பிவிட்டீர்களாம். என்னிடம் அது நடக்காது.

நானே வந்து உங்களைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பேன். இந்த நாட்டில் இருக்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், தை மாதம் வரைக்கும் வெளியே போனால் திரும்பி வர முடியாது என்கிறார்கள். அதற்குள் மழை வந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே மழை பெய்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

சாந்து பற்றி நான் எழுத மாட்டேன். இறங்கி வாருங்கள்.

மேனுஷா


மேல் டிவிஷன்
5 ஒக்டோபர் 2025

அன்பு மகளுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது.

இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது. மேலே இருந்து பார்த்தால் கீழே வெல்லவாய ஊர் வரைக்கும் தெரிகிறது. பக்கத்துத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டுக்குக் கொம்பு ஊதுவது இங்கே கேட்கிறது, எனக்கு இப்போது கடிகாரம் அதுதான். சிஞ்ஞோரா அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? நல்லெண்ணெய் தடவச் சொல்.

மூன்றாவது இடமும் கிடைத்துவிட்டது. அடுப்பு இருந்த பக்கம். மலை சரிந்த அந்நேரம் உன் அம்மா அடுப்படியில்தான் நின்றிருப்பாள். ரொட்டி சுடுகிற நேரம்.

இதற்கு மேல் உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு மனசில்லை.

அப்பா


வெரோனா
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள என் அப்பாவுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். இங்கே செய்தியில் நம்ம பக்கம் மழை என்கிறார்கள். இந்தக் கடிதம் எப்போது வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது.

பொம்பெயில் நடந்ததில் ஒன்றை நான் உங்களுக்கு எழுதவில்லை. வெட்கத்தால் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நீங்கள் படத்தில் பார்த்த அதே மாதிரி ஒருத்தி குப்புறக் கிடந்தாள். முகத்தைக் கையால் மூடியிருந்தாள். எனக்கு அம்மாவின் முதுகு மாதிரியே இருந்தது. தேயிலைக் கூடைக் கயிறு தலையில் மாட்டி மாட்டிக் கொஞ்சம் கூனிய முதுகு. நான் கண்ணாடியில் கை வைத்து நின்றேன். அப்போது எங்கள் கூட்டத்தில் ஒருவர், நல்ல மனுஷன்தான், கப்பலில் என்னைப் பாடச் சொன்னாரே அவரே, தரையில் குந்தி அவளைப் போலவே முகத்தை மூடிக்கொண்டு படம் எடுக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிஞ்ஞோராவும் சிரித்தார்.

நான் கத்திவிட்டேன், அப்பா. தமிழில் கத்தினேன். "அது எங்கம்மா! எந்திரிங்க! எந்திரிங்க அங்கேருந்து!" அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். காவல்காரர்கள் ஓடி வந்தார்கள். சிஞ்ஞோரா மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. கப்பலில் அவர்கள் பாடியதும், என்னைப் பாடச் சொன்னதும், என்னைச் சமாதானப்படுத்தத்தான்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கே கிடந்தது அந்தப் பெண் இல்லை. அவள் இல்லாமல் போன இடம். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் இல்லை, வாய் இல்லை, வெறும் சாந்து. நான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பதினோரு வருஷமாக ஏங்கியவள்தான். உங்களுக்கு மட்டும்தான் ஏக்கம் என்று நினைக்காதீர்கள். ஆனால் இப்படிப் பார்க்க எனக்கு வேண்டாம். நீங்கள் சாந்து ஊற்றி எடுத்தால் நான் வந்து பார்க்க மாட்டேன்.

எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர். அந்த மலை உங்களையும் எடுத்துக்கொண்டால், நானும் உங்களைப் போல ஓர் அலவாங்கை எடுத்துக்கொண்டு தட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். அதைத்தானா எனக்கு வைத்துவிட்டுப் போகப் போகிறீர்கள்?

இறங்கி வாங்க, அப்பா. காலில் விழுகிறேன்.

உங்கள் மேனுஷா


கொஸ்லந்த
29 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சி மேனுஷாவுக்கு,

கடைக்கார இத்ரூஸ் நாநா எழுதுறேன். எங்க வீட்டுல எல்லாரும் உசிரோட இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ். இந்த மழையில கரண்ட் இல்ல, போன் இல்ல, ரோடு நாலு இடத்துல உடைஞ்சி கிடக்கு. பண்டாரவளைக்கு நடந்து போற ஒரு பொடியன்கிட்ட இதைக் குடுத்து, படம் புடிச்சி உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன்.

உங்க கடைசிக் கடிதம் போன வாரம் வந்திச்சி. மழை அடிக்க அடிக்க நானே மேலே கொண்டு போய் அப்பா கையில குடுத்தேன். நின்ன நிலையில படிச்சாரு. ரெண்டு தரம் படிச்சாரு. "வாங்க அண்ணே, இப்பவே போவோம்"னு சொன்னேன். "நீங்க போங்க நாநா, எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு"ன்னாரு. எவ்வளவோ கெஞ்சினேன். அசையல.

பொய் சொல்லி உங்கள ஆத்த எனக்கு வராது, தங்கச்சி. நேத்து மத்தியானம் மேல் டிவிஷன் மறுபடி சரிஞ்சிட்டுது. மிச்சம் இருந்த லயமும் இல்ல. ஸ்கூல் முகாமிலயும் கோயில்லயும் தேடினேன். அப்பா ரெண்டு இடத்திலயும் இல்ல. வெல்லவாய பக்கமா இறங்கின ஆக்களும் இருக்காங்களாம், அங்க விசாரிக்க வழி இல்ல. ஆமிக்காரங்க யாரையும் மேலே விடுறாங்க இல்ல.

நாங்க அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டே இருக்கோம். தைரியத்த விட்டுறாதீங்க.

இத்ரூஸ்


வெல்லவாய வீதி, பாடசாலை முகாம்
7 டிசம்பர் 2025

என் மகள் மேனுஷாவுக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு, பிறகு மிச்சத்தைப் படி. இடது காலில் அடி, வேறு ஒன்றும் இல்லை. நாநாவுக்கும் ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்கு என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

நாநா வந்த அன்று உன் கடிதத்தைப் படித்ததும் கீழே இறங்குவதென்று முடிவு பண்ணிவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நான் போட்ட துளைகள் எல்லாம் திறந்து கிடந்தன. தண்ணீர் சளசளவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நீ எழுதியதைப் படித்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. களிமண்ணைப் பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்தேன். நாலைந்து நாளாகியும் பாதிகூட முடியவில்லை. அப்புறம் மேலே சவுக்கு மரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தேன். காலையில் நேராக நின்ற மரம். அதற்கு மேல் நிற்கவில்லை. வந்த பாதை பக்கம் ஓடை பெருகிவிட்டதால் இந்தப் பக்கமாக இறங்கினேன்.

தேயிலை நிரைக்குள்ளால் உருண்டும் நடந்தும் வந்து ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெட்டுப் பக்கம் நின்றபோது சத்தம் கேட்டது. முதல் தடவை சரிந்தபோது எனக்கு அந்தச் சத்தம் தெரியாது. இப்போது தெரியும். திரும்பிப் பார்த்தேன். லயம் போனது, துளைகள் போயின, அடுப்பு இருந்த பக்கமும் போனது. என் துளைகளால் சரிந்ததா, மழையால் சரிந்ததா என்று கேட்காதே. நானும் யாரிடமும் கேட்கவில்லை. அங்கே வேறு ஒரு மனுஷரும் குடியிருக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்கு இருக்கிற ஆறுதல்.

அந்த வெள்ளைக்காரனைத் தள்ளிவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, சரியாகத்தான் செய்தாய். இங்கே முகாமில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் சிஞ்ஞோரா அம்மாவோடு கோபம் வைத்துக்கொள்ளாதே. அங்கே கிடந்தது உன் கண்ணுக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியாதல்லவா.

உன் மாமனிடம் அம்மாவின் கருமாதிக்கு நாள் பார்க்கச் சொல்லப் போகிறேன். தை கழிந்து நீ வந்த பிறகு செய்வோம்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் கடைக்கு இறங்கினாலும் சரி, தபாலுக்கு இறங்கினாலும் சரி, நம்ம காம்பரா இருந்த பக்கம் திரும்பி, "நல்லம்மா, போயிட்டு வாறேன்" என்று சொல்லாமல் நான் இறங்கியதில்லை. அன்றைக்கும் அந்த மழையில் நின்றேன். வாய் வழக்கப்படி அதைத்தான் சொல்லப் பார்த்தது. நான் விடவில்லை. "நல்லம்மா, நான் போறேன். நம்ம புள்ள கூப்பிடுறா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அப்பா